மணலில் முளைத்த தக்காளி

இரவு ஒன்றரைக்கு லாரியை ரிவர்ஸ் எடுத்து
விரிஞ்சிபுரத்துக்குக் கிழக்கே, சீமைக்கருவேல மறைவில்
குழாயைத் திறப்போம், நானும் ஏகாம்பரமும்.
சத்துவாச்சாரியின் மூன்று தெரு
பாலாற்று மணலில் இறங்கும்.

மாசி முடிவதற்குள் அங்கே தக்காளி.
யாரும் விதைக்கவில்லை.
எவர் வீட்டு ரசத்திலிருந்தோ புறப்பட்டு
வயிற்றுச் சூட்டையும் தொட்டி இருட்டையும் தாண்டி வந்த விதை.
பூ வந்ததும் வண்டு வந்தது,
வண்டுக்குப் பின்னால் கரிச்சான்,
சொல்லி அனுப்பியது போல.

"பாத்தியாண்ணா, ஆறு கடனை வச்சிக்காது"
என்றான் ஏகாம்பரம்.

வாங்க மறுத்ததும் அங்கேயே கிடந்தது:
ஷாம்பு பாக்கெட், நாப்கின், மாத்திரை அட்டை.
போன வருஷம் நாங்கள் போட்டதுதான்.
கொஞ்சம் வெளுத்திருந்தது, அவ்வளவே.

கண்ணுக்குத் தெரியாதது கீழே போயிருக்கும்.
நூறு கஜத்தில் ஊற்றுக் கிணறு.
ஐந்து மணிக்குப் பஞ்சாயத்து மோட்டார் ஓடும்.
எங்களுக்குத் தெரியும்.

குழாயைச் சுருட்டிவிட்டு டீக்கடையில் நின்றோம்.
ஏகாம்பரம்தான் கேட்டான்,
"இங்க தண்ணி எங்கேர்ந்து வருது?"
கிளாஸ் கழுவிக்கொண்டிருந்தவர்
ஈரக் கையை ஆற்றுப் பக்கம் நீட்டினார்.

அவன் என்னைப் பார்க்கவில்லை.
நான் பாய்லரைப் பார்த்தேன்.
இன்னும் கொஞ்சம் கொதிக்கட்டும் என்றேன்.