கவிழ்த்துப் போட்ட இறக்கை

அட்லெர்ஸ்ஹோஃப், பிப்ரவரி.
கொட்டகைக்குள்ளும் மூச்சு புகைகிறது.
இறக்கையை மல்லாக்கக் கிடத்தி
அதன் வயிற்றில் மணல் மூட்டை அடுக்குகிறோம்.
காற்று கீழிருந்து தூக்கும்,
மணல் மேலிருந்து அமுக்கும்,
கவிழ்த்துவிட்டால் இரண்டும் ஒன்றுதான் என்றார் பொறியாளர் ரூனாவ்.
வானத்தை மூட்டை கட்டலாமென்று
அன்றுதான் எனக்குத் தெரியும்.

மூட்டைக்குப் பத்துக் கிலோ.
நிறுப்பவள் நான், சுமப்பவர்கள் ஆறு பெண்கள்.
சாக்குகள் முன்பு உருளைக்கிழங்கு சுமந்தவை,
வாசம் இன்னும் விடவில்லை.
இந்தக் குளிர்காலம் முழுக்க டர்னிப்,
காலையில் டர்னிப் கஞ்சி, இரவில் டர்னிப் கலந்த ரொட்டி.
ஹெர்மினே மூட்டையைத் தோளேற்றும் முன்
ஒருதரம் முகர்ந்துகொள்கிறாள்.
யாரும் சிரிப்பதில்லை.

மூன்று விமானங்கள்
மேலேயே இறக்கையை உதிர்த்துவிட்டன.
உள்ளே இரண்டு உத்தரங்கள், முன்னது, பின்னது.
பின் உத்தரத்தைத் தடியாக்கு என்று
பெர்லினிலிருந்து உத்தரவு.
ஆக்கினோம். ஆக்கியதைத்தான் இப்போது சோதிக்கிறோம்.

ஒரு மடங்கு பாரம்.
இரண்டு.
மூன்றாவதில் பசை முனகியது,
நல்ல சத்தம்தான் என்றார் ரூனாவ்.
நான்காவது ஏறும்போது
நுனியிலிருந்த மூட்டை ஒன்று வழுக்கி விழுந்தது.
எடுத்து வைத்தேன். மறுபடி விழுந்தது.
ஒழுங்காக வை, தூங்குமூஞ்சி! மேஸ்திரி போலென்ஸ்.
ஒழுங்காகத்தான் வைத்தேன்.
அடுத்ததும் விழுந்தது,
அதே பக்கம், முன்விளிம்புப் பக்கம்.

காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்து
நுனியில் வைத்தேன்.
உருண்டது. முன்னால்.
நடு இறக்கையில் வைத்தேன்,
கொஞ்சம் யோசித்துவிட்டு உருண்டது.
அடிப்பக்கத்தில் வைத்தேன், கிடந்தது.

எனக்குக் கணக்கு வராது, ஐயா.
சலவைக்கூடத்தில் நாலு வருஷம் இருந்தேன்.
ஒரு முனையை ஒருத்தி இறுக்கிப் பிடித்துக்கொள்ள
மறு முனையில் நான் படுக்கைவிரிப்பைப் பிழிவேன்.
இது வளையவில்லை.
முறுக்கிக்கொள்கிறது.

ரூனாவ் குனிந்து
விளிம்போடு ஒற்றைக் கண்ணை வைத்துப் பார்த்தார்.
ரொம்ப நேரம் பார்த்தார்.
போலென்ஸுக்கு இருமல்கூட வரவில்லை.
பின்னது விறைப்பு, முன்னது மட்டும் வளைகிறது,
என்றார் யாருக்கோ சொல்வதுபோல.
மேலே போனால் முன்விளிம்பு நிமிரும்,
நிமிர்ந்தால் காற்று இன்னும் பிடிக்கும்,
பிடித்தால் இன்னும் நிமிரும்,
வட்டி குட்டி போடுகிற கதை.
பிறகு தொப்பியைக் கழற்றி
மூட்டைகளுக்கு நடுவில் வைத்தார்.
அதுவும் மெல்ல நகர்ந்தது.

கடிதம் அன்றிரவே போனது.
தடித்த உத்தரத்தைச் செதுக்க அனுமதி கேட்டு,
படத்தோடு, பென்சில் உருண்ட இடங்களுக்கு
அம்புக்குறி போட்டு.
பதில் வரப் பதினோரு நாள்.
வலிமையைக் குறைக்கச் சொல்பவன் யார் என்று
மேஜை மேஜையாய்க் கேட்டிருப்பார்கள்.

எட்டாம் நாள் ஒரு லாரி வந்தது.
தார்ப்பாய்க்கு அடியில் நான்காவது இறக்கை,
வயலில் கிடந்து எடுத்தது.
ஓட்டியவன் பெயர் ஹார்ம்ஸ் என்றார்கள்,
வயதைக் கேட்க எனக்கு வாய் வரவில்லை.
அதை நாங்கள் கவிழ்க்க வேண்டியிருக்கவில்லை,
வரும்போதே மல்லாந்துதான் வந்தது.

ஹெர்மினே கிழிந்த துணிக்குள் கைவிட்டாள்.
மண்கட்டி, விலா எலும்பு மாதிரி மரச்சில்லு,
அப்புறம் ஓர் உருளைக்கிழங்கு,
அறுவடைக்குத் தப்பியது, பாதி உறைந்தது.
சுற்றிலும் பார்த்தாள்.
ஏப்ரன் பையில் போட்டுக்கொண்டாள்.

நான் தராசுத் தட்டைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.