காது

என் பாட்டு நோட்டில் எழுத்துகளின் தலைமேல்
சின்னச் சின்ன எண்கள் உட்கார்ந்திருக்கும்.
இது எத்தனையாவது க, எத்தனையாவது ப என்று சொல்ல.
தமிழில் எழுதித் தெலுங்கில் பாடப்
பிழைப்புக்காரர்கள் கண்ட வழி.
முப்பத்து நான்கு கீர்த்தனைகள்.
ஒன்றுக்கும் முழுதாகப் பொருள் தெரியாது எனக்கு.
நகரியில் பாட்டு வாத்தியாராக
அது போதுமாயிருந்தது.

தறியை நிறுத்திவிட்டு வந்தாள், தலைமுடியில் பஞ்சோடு.
என்னைவிட இரண்டு வயது மூத்தவள்.
நூல்கடை மாடியில்
நான் சுருதிப் பெட்டியைத் திறக்குமுன்
சுருதியில் நின்றாள்.
'பதினாறு மோட்டாரும் ஒரே குரல்தான் சார்,
அதைப் பிடிச்சிக்கிட்டேன்.'
எட்டு வருடம் சாதகம் செய்தும் எனக்கு வராத காந்தாரம்
அவளுக்குக் கொட்டாவிபோல வந்தது.

பூதேவி என்று நோட்டில் எழுதினேன்.
எண் போட மறந்துவிட்டேன்.
பூ என்றே கூப்பிட்டேன், உதட்டு நுனியால்.
'வயித்திலேருந்து கூப்பிடுங்க சார்,
நான் பூ இல்லை, மண்ணு' என்றாள்.

சண்டை உச்சரிப்பில் தொடங்கியது.
தாளத்துக்காகச் சொல்லை ஓரிடத்தில் வெட்டிக் கொடுத்தேன்.
'அங்க வெட்டினா சாமி
பக்கத்து வீட்டுக்குப் போயிடும் சார்.'
பிள்ளைகள் சிரித்தார்கள்.
பழிவாங்கினேன்.
மூன்று மாதம், பல்லவி, அனுபல்லவி, திரும்பவும் பல்லவி.
சரணம் கேட்டபோதெல்லாம்
பக்குவம் வரவில்லை என்றேன்.
பக்குவமாவது.
சரணம் தீர்ந்தால் அவள் போய்விடுவாள்,
அவ்வளவுதான்.

மின்சாரம் போன ஒரு வெள்ளிக்கிழமை.
தெரு முழுக்கத் தறிகள் ஒரே மூச்சில் நின்றன.
அந்த அமைதி பழக்கமில்லாததால்
கேட்டுவிட்டேன், தமிழில்:
எனக்கு இருப்பது உனக்கும் இருக்கிறதா?

'காது சார்.'

கை தானாகக் காதுக்குப் போயிற்று.
அவள் மொழியில் அது
அல்ல என்பதற்கான சொல்.
தெரியும்.
பால்காரனிடமும் பஸ் கண்டக்டரிடமும் தினம் கேட்பதுதான்.
இருந்தாலும் கொஞ்ச நேரம்
தமிழிலேயே வைத்திருந்தேன் அதை.

பிறகு அவள் வரவில்லை.

தை மாதம் புத்தூரில் பாடினாள்.
கடைசி வரிசையில், தூணுக்குப் பின்னால் நான்.
குரு யார் என்று மைக்கில் கேட்டார்கள்.
என் பெயரைச் சொன்னாள், ஊரோடு சேர்த்து.
சொல்லாமல் விட்டிருந்தால்
கோபமாவது மிஞ்சியிருக்கும்.

நான் தராத சரணத்தைப் பாடினாள்.
ரேணிகுண்டா ஸ்டேஷனில் வாங்கிய
இருபது ரூபாய்ப் புத்தகத்தில் கிடைத்ததாம்.
மெட்டு அவளுடையது.
நான் வெட்டிய இடத்தில் மூச்சே விடாமல் கடந்தாள்.
அப்போதுதான் எனக்கு அந்த வரி புரிந்தது.
யாரோ சாமியைத் திட்டுகிறார்கள்,
உரிமையாக, வாசலில் நின்று.
இருபது வருடமாக அதைக்
கண்ணை மூடிக் கைகூப்பிப் பாடிவந்திருக்கிறேன்.
என் தொடையில் தாளம்
ஓர் எண்ணிக்கை பிசகிப் போட்டுக்கொண்டிருந்தது.

கடைசி ரயிலில் ஏகாம்பரகுப்பம்.
இறங்கி நடந்தேன்.
வீட்டுக்கு வீடு தறி ஓடுகிறது.
ஆளில்லாத திருப்பத்தில் நின்று
அந்தக் குரலில் சேர்ந்து பார்த்தேன்.
கொஞ்சம் கீழேயே நின்றது தொண்டை.
எந்த வீட்டுத் தறியைப் பிடித்தாள் என்று
அதையாவது
கேட்டிருக்கலாம்.