மூன்றாம் அறை

ஏப்ரலில் வர நினைக்கிறவர்கள்
எல்லாரும் கேட்பது ஒன்றுதான்.
"நிஜமாகவே மழை பெய்யுமா?"
அந்த 'நிஜமாகவே'க்குள்
ஒரு தள்ளுபடி ஒளிந்திருக்கும்.

முதலாளி ஷாமே எழுதிவைத்த பதில்:
"மாலையில் லேசான தூறல். காலையில் நல்ல வெயில்."
ஏழு வருடமாய் இந்த இரண்டு வாக்கியத்தையும்
ஓஸ்லோவுக்கும் லியோனுக்கும் ஓசாகாவுக்கும்
அனுப்பிக்கொண்டிருக்கிறேன்.
பெம்பாத் தீவின் பெருமழைக்குக்
காலை ஏது, மாலை ஏது என்பதை
அவர்கள் படகுத்துறையில் தெரிந்துகொள்வார்கள்
பெட்டியைத் தலையில் கவிழ்த்தபடி.

பிப்ரவரியில் ஒரு கடிதம்.
அந்தோஃபகாஸ்தா. சிலே நாடு.
எழுதியவள் பெயர் நியேவெஸ்.
அவள் மொழியில் அதற்குப் பனிப்பொழிவுகள் என்று பொருளாம்,
அவளே சிரித்துக்கொண்டு எழுதியிருந்தாள்.
அங்கே மூடுபனியை வலைகட்டிப் பிடிக்கிறார்களாம்.
நாலு சொட்டு விழுந்தால் பள்ளிக்கூடம் விடுமுறையாம்.
அவள் மகன் மழை வரைந்தால்
கோடுகள் தரையிலிருந்து மேலே போகின்றன.
"ஒன்பது நாள் தங்குவோம்.
குறைந்தது ஐந்து நாளாவது பெய்யும் என்று
உறுதி தர முடியுமா?"

நான் திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.
பிறகு ஷாமேயைக் கூப்பிட்டேன்.
அவர் இரண்டு முறை படித்தார்.
"முன்பணம் வாங்கு.
வெயிலடித்தால் பணம் திரும்பாது என்று போடு."
இத்தனை வருடத்தில் அந்த வரியை
நான் எழுதியதே இல்லை.

கூடவே,
மூன்றாம் அறைக்கு வாடகையைக் கூட்டச் சொன்னார்.
மூன்றாம் அறை ஒழுகும்.
தகரக் கூரையில் கட்டில்காலுக்கு நேர்மேலே
ஒரு ஆணித்துளை.
அதை அடைக்க வாங்கிய தார் டப்பா
மூடி திறக்காமலே கெட்டியாகிவிட்டது.
அந்த அறைக்காக நான் எழுதிய மன்னிப்புகளை
அடுக்கினால் கூரைக்கே எட்டும்.

அவளுக்கு எழுதினேன்:
"பெய்யும். கொட்டும். துணி காயாது.
பழவௌவால்கள் நனைந்து முறுக்கிய துணிபோல் தொங்கும்.
சாலை சிவப்பாய் ஓடும்.
உங்கள் செருப்பைத் தவளை எடுத்துக்கொள்ளும்."
அனுப்பிய பிறகுதான் பயம் வந்தது.
தூறல் என்று நான் பொய் சொன்னபோதெல்லாம்
தவறாமல் பெய்த மழை,
ஒரே ஒருமுறை மெய் சொன்னதற்குப்
பொய்த்துவிட்டால்?

பொய்த்தது.
மார்ச் முழுக்க மேகம் வந்து பார்த்துவிட்டுப் போனது,
வாங்காமல் விலை மட்டும் கேட்கிறவர்கள் மாதிரி.
ஷாமே நாளுக்கு நாலுமுறை வாசலுக்குப் போய்
அண்ணாந்து பார்த்தார்.
வானத்தைத் திட்டியே பழகிய வாய்,
கெஞ்சத் தெரியாமல் சும்மா திறந்திருந்தது.

சமையலுக்கு வரும் மவனகேரி
மரவள்ளியை அறுத்து முற்றத்தில் காயவைத்தாள்.
எரிச்சலாக இருந்தது எனக்கு.
"விருந்தாளிகள் மழைக்கு வருகிறார்கள், தெரியுமா?"
அவள் கத்தியைத் துடைத்தாள்.
"என் நெல் விதைத்து இருபது நாள்.
தண்ணீர் என்று பார்த்தது என் வியர்வையைத்தான்.
உன் சிலேக்காரி பேரைச் சொல்லியாவது கூப்பிடு.
யார் பேருக்கு வந்த மழை என்று
வயல் கேட்கப்போவதில்லை."

அதன்பின் நான் ஒன்றும் பேசவில்லை.
அவளோடு உட்கார்ந்து
மிச்ச மரவள்ளியை அறுத்தேன்.

நாளை மதியப் படகில் வருகிறார்கள்.
தாய், தகப்பன்,
மழையைத் தலைகீழாய் வரைகிற பையன்.
இப்போது மேற்கே ஏதோ கறுக்கிறது.
கரிமூட்டம் போடுகிறவர்களின் புகையாகவும் இருக்கலாம்.

மூன்றாம் அறையைப் பெருக்கினேன்.
கொசுவலையைச் சரிசெய்தேன்.
துளைக்கு நேர்கீழே இருந்த
பிளாஸ்டிக் வாளியை எடுத்துவிட்டு
சமையற்கட்டிலிருந்து
தகர வாளியைக் கொண்டுவந்து வைத்தேன்.

விரலால் ஒருமுறை தட்டிப் பார்த்தேன்.
நல்ல சத்தம்.