பின்னோக்கி இறங்குவது

வாலிநோக்கத்துக்கு மேற்கே, உடங்காட்டில்,
மணிக்கு ஆயிரத்து இருநூறு.
டீசல் அவர்கள் பொறுப்பு.
முதல் நாள் நாற்பது உடைமரம்,
இரண்டாம் நாள் எண்ணவில்லை.
குடை குடையாய்ச் சாய்ந்து கிடந்தவற்றின் மேல்
வெள்ளாடுகள் ஏறி நின்று
இதுவரை எட்டாத உச்சிக்காயைத் தின்றன.
அவற்றுக்கு நான் நல்லவன்.

மூன்றாம் நாள் ஜேசிபி அள்ளிய மண்கட்டி
மூச்சு விட்டது.
இறங்கிப் பார்த்தேன்.
உள்ளங்கைக்குள் அடங்கும் உருண்டை,
கழுத்தே இல்லை,
முதுகில் யாரோ காப்பி சிந்திய கறை.
சித்திரை வெயிலிலும் ஈரம்.
தொட்டதும் உப்பியது,
கோபமா பயமா தெரியவில்லை.

மணல் தவளை என்றார்
டேப் பிடிக்க வந்த அருளப்பன்.
ஐப்பசி மழைக்குத்தான் எழும்புமாம்.
நாலு ராத்திரி கத்தும், முட்டையிடும்,
அப்புறம் போய்விடும்.
எங்கே?
கீழே.
அவர் நோட்டில் மரத்துக்கு ஒரு கட்டம்,
கிணற்றுக்கு ஒன்று,
சமாதிக்குக்கூட ஒன்று இருந்தது.
இதை எதில் எழுத என்று கொஞ்சம் யோசித்தார்,
பிறகு பீடி பற்றவைத்தார்.

ஓரமாய் விட்டேன்.
ஓடவில்லை அது.
பின்கால்களால் மணலைத் தள்ளித் தள்ளி
உட்கார்ந்த வாக்கிலேயே
பின்னோக்கி இறங்கியது.
இடுப்பு போனது, வயிறு போனது,
கடைசியாகக் கண்கள்,
வானத்தைப் பார்த்தபடி.
என் வண்டி பின்னால் போனால் ஊருக்கே கேட்கும்.
இது சத்தமே இல்லாமல் போனது.
மணலில் ஒரு சுழி மட்டும்.

அந்த இடத்தை விட்டுவைத்தேன்.
அங்கே மட்டும் ஏன் மேடு, கேட்டார் மேஸ்திரி.
பாறை என்றேன்.
இந்தக் கரையில் பாறையா என்று சிரித்தார்.
மறுநாள் காலை
நானேதான் நிரவினேன்.

இப்போது அங்கே கண்ணாடிப் பலகைகள்
வரிசை வரிசையாய் வெயில் காய்கின்றன.
வேர் இருந்த ஆழத்தில்
இன்னும் எத்தனை தூங்குகின்றனவோ.
காடு போன சேதியை
அவற்றுக்கு யாரும் சொல்லவில்லை.
மழைதான் சொல்லியாக வேண்டும்.

ஐப்பசி பதினெட்டு.
சாயல்குடி பஸ் ஸ்டாண்டில்
முதல் துளி கனமாய் விழுந்தது.
புழுதி வாசம். ஆட்கள் கூரைக்கு ஓடினார்கள்.
தூக்கிய காலை
எங்கே வைப்பதென்று தெரியாமல்
நனைந்துகொண்டிருந்தேன்.