குத்துமதிப்பு

ஏர்போர்ட் ரோடு என்று பெயர்.
பயணிகளுக்கான ஏர்போர்ட் அங்கிருந்து போனது
நான் பிறப்பதற்கு முன்பே.
பலகையை மாற்ற யாருக்கும் தோன்றவில்லை.

வாயிலில் அடையாள அட்டைகளை வாங்கிக்கொண்டு
ஒவ்வொரு கைப்பேசியின் கண்ணிலும்
சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டினான் ஒரு தேசிய சேவைப் பையன்.
சாங்கி சரக்கு முனையத்தின் மூன்றாம் மாடியிலிருந்து
பதினேழு பேர் வந்திருந்தோம்.
மேலாளர் ஷெர்மன் கோ எல்லாருக்கும்
கம்பெனி பெயர் போட்ட டி-சட்டை தந்திருந்தார்.
என்னுடையது ஓர் அளவு பெரிது.

என் வேலை எடை.
ஆர்கிட் பூ, உயிர் நண்டு, கணினிச் சில்லு,
எது மூக்கருகில், எது வாலருகில்.
திரையில் எல்லாக் கட்டமும் பச்சையானால்
வீட்டுக்குப் போகலாம்.
கிலோவுக்கு இவ்வளவென்று எதற்கும் சொல்வேன்.
துத்தநாகப் பெட்டியில் ஊர் திரும்புகிறவர்களுக்கும்
ஒரு விலை உண்டு,
அதுவும் மனப்பாடம்.

அந்த விமானத்துக்கு வாய் பின்பக்கம்.
சாய்தளத்தில் ஏறினோம்.
உள்ளே தோல் இல்லை, நரம்புகள்தான்:
குழாய், கம்பி, சிவப்பு வலையில் இருக்கைகள்,
எரிபொருள் நெடி.
தரையில் உருளைகள்.
அது மட்டும் எனக்குப் பழகிய தரை.
காலால் ஒன்றை உருட்டினேன்.
எங்களுடையதைவிட நன்றாகவே சுற்றியது.

வாரண்ட் அதிகாரி ஜுரைமி
முப்பத்தோரு வருஷமாக அந்த வயிற்றுக்குள் சரக்கு கட்டுகிறவர்.
படைப்பிரிவின் வரலாற்றை மூன்றே ஸ்லைடில் முடித்து
"கேளுங்கள், கறிபஃப் ஆறிவிடும்" என்றார்.
ஷெர்மன் மணிக்கு எரிபொருள் செலவைக் கேட்டார்.
யாரோ கழிப்பறை எங்கே என்றார்கள்,
ஒரு திரைச்சீலையை இழுத்துக் காட்டினார்.
நான் எடைத்தாள் கேட்டேன்.

கண்ணாடிச் சட்டத்துக்குள் இருந்தது.
வெள்ளத்தில் போன ஏதோ ஒரு தீவு.
போகும்போது அரிசி, தார்ப்பாய், குடிநீர்,
கிலோ பிசகாமல் தட்டச்சில்.
திரும்பும்போது பென்சிலில் ஒரே வரி:
ஆட்கள் 131. எடை, அகாக்-அகாக்.

"இருக்கை போதுமா?"
"ஏது இருக்கை? தரையில் உட்காரவைத்து
வரிசைக்கு ஒரு வார், மடிக்கு மேலே.
மழையில் நனைந்த ஆள் எவ்வளவு கனம்,
உங்கள் திரையில் இருக்கிறதா?"

ஆணுக்கு ஒரு எண், பெண்ணுக்கு ஒன்று,
பிள்ளைக்கு முப்பத்தைந்து.
நனைந்தவர்களுக்குக் கட்டம் கிடையாது.

அந்த வரிக்குக் கீழே இன்னொன்று,
பென்சில் தாளைக் கிழித்துவிடும் அழுத்தத்தில்:
தையல் இயந்திரம் 1. எடை 14.
அதை மட்டும் நிறுத்திருந்தார்கள்.

"பையை விடு என்றேன், விட்டாள்.
செருப்பை விடு என்றேன், விட்டாள்.
இதை ரெண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்."
"பிறகு?"
"என் இருக்கையில் கட்டினேன்.
நான் நின்றுகொண்டேன்."

நான் என்ன செய்திருப்பேன் என்று எனக்குத் தெரியும்.
கூடுதல் சுமை. படிவம். கையொப்பம்.
வரிசையில் அடுத்தவரைக் கூப்பிட்டிருப்பேன்,
மரியாதையாகத்தான்.

குத்துமதிப்பு.
ரசத்துக்கு உப்புப் போடும்போது மட்டும் நான் நம்பும் சொல்.
அதை நாலு விசிறிகளிடம் கொடுத்து
கடலைத் தாண்டச் சொல்லியிருக்கிறார் இந்த மனிதர்.
கேட்க வந்தது வேறு கேள்வி,
கேட்டது, "கறிபஃப் எந்தக் கடை?"

பேருந்தில் ஏறியதும் ஸ்டிக்கரைப் பிய்த்தேன்.

மறுநாள் காலை, மூலை நசுங்கிய ஒரு பெட்டி.
புகாருக்குப் படமெடுத்தால்
கண்ணாடியில் மிச்சமிருந்த பசை
சரியாக லேபிளின்மேல் பனிபோல் படர்ந்தது.
பெட்டி தெரிந்தது, நசுங்கல் தெரிந்தது,
எடை தெரியவில்லை.
சட்டை நுனியால் துடைத்தேன். கொஞ்சம் போயிற்று.
குனிந்து நேரில் படித்து நிரப்பினேன்:
212.5