நடுப்புள்ளியில் யாரும் குடியில்லை

சோஃபியாவில், நான்காம் மாடியில்,
இருநூற்றுச் சொச்சம் ஊர்களை
ஐந்து கொத்தாகக் கட்டித் தரச் சொல்லியிருந்தார்கள்.
வருமானம், வேலையின்மை, கழிவுநீர்க் குழாய்,
ஆயிரம் பேருக்கு எத்தனை மருத்துவர்,
பள்ளியை விட்டு நின்ற பிள்ளைகள்...
ஓர் ஊருக்குப் பதினோரு எண்கள்.
அதற்குமேல் ஊரைப் பற்றி
எனக்கு எதுவும் தெரிய வேண்டியதில்லை.

கணினி நிலப்படம் பார்க்காது.
கருங்கடல் ஓரத்து ஓட்டல் ஊரையும்
மலைக்குள் ஈயம் தோண்டும் ஊரையும்
ஒரே பந்தியில் உட்கார வைக்கும்.
பாலத்துக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று,
பெண் கொடுத்துப் பெண் எடுத்த ஊர்கள்;
முகம் தெரியாதவைபோல் பிரித்துவிடும்.

ஒவ்வொரு கொத்துக்கும் ஒரு நடுப்புள்ளி உண்டு.
அங்கே வீட்டுக்கு முக்கால் குளியலறை,
ஒன்றேகால் பிள்ளை,
அரைக்கால் மருத்துவர்.
அதிலிருந்து எவ்வளவு தள்ளி என்றுதான்
எல்லா ஊர்களையும் அளக்கிறோம்.
அங்கே யாரும் குடியில்லை.

செவ்வாய்க்கிழமை
கமென்ப்ரோத்திலிருந்து தொலைபேசி.
நகராட்சியில் கணக்கு எழுதும் ஷிவ்கா.
"எங்களை நாலாவதிலிருந்து
இரண்டாவதுக்கு ஏற்றியிருக்கிறீர்கள்.
வாழ்த்துக் கடிதம் வந்தது.
பேருந்து மானியம் நின்றது."

முன்னேற்றம்தானே என்றேன்.
வேலையின்மை பாதியாகிவிட்டது,
ஆளுக்கு வீட்டுப் பரப்பு இருமடங்கு,
மருத்துவர் விகிதத்தில் மாவட்டத்திலேயே முதலிடம்.

தாள் புரட்டும் சத்தம் கேட்டது.
"பேட்டரி ஆலையை மூடினார்கள்.
வேலை போனவர்கள் ஜெர்மனிக்குப் போனார்கள்,
ஸ்பெயினுக்கு எலுமிச்சை பறிக்கப் போனார்கள்.
இப்போது இங்கே வேலையில்லாதவர் இல்லை.
வீடுகள் எங்கேயும் போகவில்லை, அதனால் பரப்பு.
டாக்டர் இலீயேவ் ஒருவர்தான்,
அன்றும் ஒருவர்தான், வயது எழுபத்தொன்று.
அவரை வகுக்க ஆள் குறைந்துவிட்டது, அவ்வளவுதான்."

கொஞ்சம் பொறுத்து,
ஏதோ மறந்ததைச் சொல்வதுபோல்:
"ஏப்ரலில் நானும் சரகோசாவுக்குப் போகிறேன், மகளிடம்.
இன்னும் ஒரு புள்ளி ஏறுவோம்.
அதற்கு முன்னால் அந்தப் பேருந்தை மட்டும்...
வியாழக்கிழமை வண்டி.
சிறுநீரகம் கெட்ட நான்கு பேர் அதில்தான் போகிறார்கள்."

எல்லோரும் வீட்டுக்குப் போன பிறகு
ஐந்தை ஆறாக்கி மறுபடி ஓட்டினேன்.
டான்யூப் ஓரமாக ஒன்பது ஊர்கள்
கொத்தைவிட்டுக் கழன்று தனியே நின்றன.
காலியாகக் காலியாகச் செழித்த ஊர்கள்.
அவற்றுக்குப் பெயர் வைக்கத் தெரியாமல்
'ஆறு' என்று தட்டினேன்.

காலையில் மேலதிகாரி த்ஸ்வெதான்
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிப் பார்த்தார்.
"நன்றாகத்தான் இருக்கிறது.
ஆனால் அறிக்கைக்கு நிறம் ஐந்துதான்,
அச்சகத்தில் பச்சையைக் கலந்துவிட்டார்கள்."

வரைபடம் அழகாக வந்திருக்கிறது.
கமென்ப்ரோத் பச்சை.
ஷிவ்காவின் எண் மேசைக் கண்ணாடிக்கு அடியில்.
அங்கே அவள் இருக்கும்போதே
கூப்பிட வேண்டும்.