கையொப்பம் பொருந்தவில்லை

புளியரை சோதனைச் சாவடியில்
கேரளத்திலிருந்து இறங்குகிற சக்கரங்களுக்கு
மருந்தடிக்கிற வேலை எனக்கு.
அந்தப்பக்கம் வாத்துக்குக் காய்ச்சல் என்றால்
இந்தப்பக்கம் எனக்குச் சம்பளம்.

கார்த்திகை. மழை விட்டுவிட்டு.
புனலூரிலிருந்து பழைய பேப்பர் ஏற்றிவந்த லாரி
எஸ் வளைவில் தார்ப்பாய் அவிழ்ந்து
வழியெல்லாம் உதிர்த்துக்கொண்டே வந்தது.
என் சுண்ணாம்புத் தொட்டியில் விழுந்தது ஒன்று.
அட்டை கிடையாது. மலையாளம்.
டிரைவர் தங்கச்சன் எட்டிப் பார்த்து
"அடுப்பு பத்தவைக்க ஆகும், வெச்சுக்கோ" என்று
கியரைப் போட்டுப் போய்விட்டார்.

மூன்றாம் வகுப்புவரை தென்மலையில் படித்தவள் நான்.
அப்பா ரப்பர் வெட்டினார், பிறகு வெட்டவில்லை,
பிறகு செங்கோட்டை.
முப்பத்தோரு வருஷம்
அந்த எழுத்தை நான் தேடவுமில்லை
அது என்னை விசாரிக்கவுமில்லை.
கொல்லம் பஸ்ஸில்கூட
நிறத்தைப் பார்த்துத்தான் ஏறுவேன்.

ராத்திரி இரண்டு மணி, வண்டி ஓய்ந்த நேரம்,
மருந்து டிரம்மின் மேல் விரித்துவைத்து
எழுத்துக் கூட்டினேன்.
தேனீ வளர்ப்பு.
பெட்டியை எந்தத் திசை பார்த்து வைக்கணும்,
மழைக்காலத்தில் சர்க்கரைத் தண்ணி எவ்வளவு,
கொட்டினால் என்ன செய்யணும்.
என்னைப் பற்றி அதில் ஒரு வரி இல்லை.
எனக்குத் தேனீ மேல் ஆசையும் இல்லை.

பதினேழாம் பக்கத்தில் ஒரு கூட்டெழுத்து,
ஜிலேபியைப் பிய்த்து ஒட்டின மாதிரி.
எழுதிப் பார்த்தால் வரும் என்று
சுண்ணாம்பில் விரலை நனைத்து
டிரம்மில் இழுத்தேன்.
வந்துவிட்டது.
பார்த்தால்
இடதுகை விரல்.

ஏலியம்மா டீச்சர் ஸ்லேட்டைத்தான் பார்ப்பார்,
கையைப் பார்த்ததே இல்லை.
செங்கோட்டையில் முதல் நாளே
"பீச்சாங்கையிலயா எழுதுவ, மூதேவி?"
ஸ்கேலின் விளிம்பு.
அப்புறம் ரிப்பனால் பெஞ்சுக் காலோடு ஒரு கட்டு.
நீல ரிப்பன், என்னுடையதேதான்.
தமிழ் முழுவதையும்
நான் மற்றக் கையால் படித்தேன்.
நன்றாகவே படித்தேன், அதையும் சொல்லணும்.

மறுநாள் பம்பின் வாரைத் தோள் மாற்றிப் போட்டேன்.
வருகைப் பதிவேட்டில்
மா. பேச்சித்தாய்
பின்பக்கமாகச் சாய்ந்து, பெரிசாக,
கொஞ்சம் திமிராகக்கூட.
"உனக்குப் பதிலா யாரும்மா கையெழுத்துப் போட்டது?"
கால்நடை டாக்டர் கேட்டார்.
"சோத்தை மட்டும் அந்தக் கையால போட்டுராத"
இது வீட்டுக்காரர்.

வங்கியில் சீட்டு திரும்பி வந்தது:
கையொப்பம் பொருந்தவில்லை.
எது எதோடு என்று
கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பையனிடம்
கேட்டிருக்கலாம்.
மகளுக்குப் பரீட்சைக் கட்டணம், கடைசி நாள்.
வலதுகையால் போட்டுக் கொடுத்தேன்.
உடனே எண்ணித் தந்தான்.

சுண்ணாம்பு பட்ட தாளெல்லாம் உப்பிவிட்டது.
இன்னும் நாற்பது பக்கம் இருக்கிறது.
ராணி எங்கே என்று
இப்போதுதான் தேடச் சொல்கிறார்கள்.

மேலே ஹாரன்.
வாத்து லாரி, திருப்பி அனுப்பணும்.
சாலை நடுவில் போய் நின்று
நில் என்று கை காட்டினேன்.

நின்றது.